தவராசாவின் தேயிலைப் பெட்டிகள்

தச்சு வேலைக்கு வந்த ஓடாவி அளவு நாடாவை நீட்டியபோது அளப்பதற்குச் சுவர் கிடைக்கவில்லை. அந்த அறையின் மூன்று பக்கமும் பலகைத் தட்டுகள். தட்டு முழுக்கப் பாட்டுக் கெசட்டுகள், அவற்றின் மேல் இடம் போதாமல் படுக்கப் போட்ட கெசட்டுகள். ஓடாவி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“ஹாஜியார், இதெல்லாத்தயும் கழட்டினாத்தான் அலுமாரிக்கு அளவெடுக்கலாம்” என்றார். நான் ஹாஜியார் இல்லை. வயது போன ஆண்கள் எல்லோரையும் அப்படிக் கூப்பிட்டுவிடுவது மருதமுனையில் ஒரு மரியாதை.

ஒரு தட்டை இறக்கினோம். பின்னால் சுவர் நீலமாக இருந்தது. மற்ற அறைகளுக்கு இரண்டு தரம் வெள்ளை அடித்தாயிற்று. இந்தச் சுவருக்கு மட்டும் தூரிகை போக வழியிருக்கவில்லை. என் மனைவி ஜெமீலா அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“புள்ள பொறந்த நேரம் அடிச்ச நீலம்” என்றாள். அந்தப் பிள்ளை றிஸ்னாவுக்குத்தான் கலியாணம். அவளுடைய அலுமாரிக்குத்தான் அளவு.

ஓடாவி அளந்து எழுதிக்கொண்டு போனார். நான் அந்த நீலச் சுவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். ஆயிரத்துக்கு மேல் கெசட் இருக்கும். கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது.

வீடில்லாத ஆண்கள்

எங்கள் பக்கத்தில் ஆணுக்கு வீடு கிடையாது. உம்மாவின் வீட்டில் பிறப்போம், அது அக்கா தங்கைக்குச் சீதனமாகப் போகும். கலியாணம் முடித்தால் மனைவியின் வீட்டுக்குப் போவோம். மகள் வளர்ந்ததும் அது மகளின் வீடாகும். வசதியுள்ளவன் மகளுக்குப் புதிதாக ஒன்று கட்டிக் கொடுப்பான். இல்லாதவன் இருக்கும் வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கத்தில் இரண்டு அறை போட்டு ஒதுங்கிக்கொள்வான். நான் இரண்டாவது ரகம்.

வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டால் எனக்காகப் பரிதாபப்படுவார்கள். எனக்கு இதில் ஒரு குறையும் இல்லை. நான் பிறந்த வீடு கடற்கரையை ஒட்டியிருந்தது. அது என் மூத்த சகோதரிக்குப் போனது. ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவள் வீட்டுக்கு நான் எப்போது போனாலும், “உன்ட வீட்டுக்கு வர உனக்கென்ன வெக்கம்” என்று உள்ளே இழுத்துக்கொண்டு போவாள்.

என் பாட்டுகளும் என்னோடு வீடு மாறி வந்தவைதான். உம்மாவின் வீட்டிலிருந்து ஜெமீலாவின் வீட்டுக்கு ஒரு மாட்டு வண்டில் நிறைய வந்தன. அவளுடைய ஆட்கள் பாத்திரம் பண்டம் வருகிறதென்று நினைத்து வெளியே ஓடி வந்தார்களாம். இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இந்த முறை மாற வேண்டியது முற்றத்தைத் தாண்டிப் பின் அறைக்கு மட்டும். ஆனால் அங்கே ஒரு கட்டிலும் ஒரு மேசையும் வைத்தால் திரும்ப இடமில்லை.

“ஒரு தட்டு தாறன்” என்றாள் ஜெமீலா. “கட்டில்ட தலைமாட்டுல. அதுக்கு மேல ஒண்டையும் ஏத்தப்படாது, சொல்லிட்டன்.”

ஒரு தட்டில் நூறு பிடிக்கும். நெருக்கினால் நூற்றிருபது.

எந்தப் பக்கம்

நான் அரச ஆஸ்பத்திரியில் மருந்துக் கலவையாளராக இருந்தவன். குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுகிற பழக்கத்தில் கெசட்டுகளுக்கும் சீட்டு ஒட்டி வைத்திருந்தேன். ஆகவே தரம் பிரிப்பது இலேசாக இருக்கும் என்று நம்பினேன். கொடுப்பது, எறிவது, வைத்திருப்பது என்று மூன்று சாக்கு.

முதல் நாளே சிக்கல் வந்தது. வெற்றுக் கெசட் அரிதாகக் கிடைத்த காலத்தில் பதிந்தவை இவை. இசைத்தட்டுக்காரரிடம் ஒரு கொப்பித் தாளில் பாட்டுப் பெயர்களை எழுதிக் கொடுப்போம். ஒரு பக்கம் இஸ்லாமிய கீதம் நிரம்பினால் மறுபக்கத்தை வெறுமனே விட மனம் வராது. அதில் சினிமாக் காதல் பாட்டு. அல்லாஹ்வின் பெயர் உள்ளதை நெருப்பிலும் குப்பையிலும் போட ஜெமீலாவுக்கு மனம் வராது. மறுபக்கத்துப் பாட்டை வரப்போகும் மருமகன் பார்வையில் படும்படி வைக்கவும் அவளுக்கு மனமில்லை.

“மறுமையில உங்கட ஏட்டோட இதையும் போடுவாங்க” என்றாள். “எந்தப் பக்கத்தப் போடுவாங்களோ, தெரியா.”

நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு அதையே நினைத்து அன்று பகல் சோறு இறங்கவில்லை.

கொடுப்பதும் சுலபமாக இருக்கவில்லை. கீதங்கள் சிலவற்றை நிந்தவூரில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் ஒருவர் வாங்கிக்கொண்டார். பைலா ஆட்டப் பாட்டு முழுவதையும் கல்முனையில் ஒரு சலூன்காரர் ஆசையாக எடுத்துப் போனார். அடுத்த நாளே, கேட்பதற்குச் செட் இருந்தால் அதையும் தர முடியுமா என்று போனில் கோல் எடுத்தார். மற்றவர்கள் கெசட் என்றதும் மூட்டைப்பூச்சியைக் கண்டதுபோலப் பின்வாங்கினார்கள்.

“எல்லாம் போன்ல இரிக்கே வாப்பா” என்றாள் றிஸ்னா.

இருக்கிறதுதான். ஆனால் எந்தப் பாட்டை எந்த மழைநாளில் யாரிடமிருந்து வாங்கினேன் என்பது போனில் இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை. கிழவன் புலம்புகிறான் என்று நினைப்பாள். நினைத்தால் அது சரியும்தான்.

உப்புக் காற்று தின்றவையும் ஏராளம். திறந்தால் உள்ளேயிருக்கும் சின்னத் தகடு துருப்பிடித்துத் தூளாக உதிர்ந்தது. சுருளின் ஓரம் முழுக்க வெள்ளைப் பூஞ்சணம். அவற்றை எறியும் சாக்கில் போட்டேன். ஒவ்வொன்றையும் போடும்போது ஒரு சின்னச் சத்தம் வந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

நாலாம் நாள் கடைசித் தட்டுக்குக் கீழே ஜெமீலா விளக்குமாற்றை விட்டாள். அது தட்டுப்பட்டு நின்றது. குனிந்து பார்த்தாள்.

“இது தவராசா அண்ணன்ட தேயிலைப் பெட்டி இல்லயா?” என்றாள். “இன்னும் குடுக்கல்லயா நீங்க?”

“மறந்து போயிட்டு” என்றேன்.

உங்கட சொல்லிலதான் சொல்றன்

போன கிழமை இந்தப் பத்திரிகைத் தொடரில் ஆஸ்பத்திரிக் காலத்தைப் பற்றி எழுதியபோது தவராசாவை இரண்டு வரியில் முடித்துவிட்டேன். வாசகி ஒருவர் அழைத்து, அந்த ஆளைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாமே என்றார். எழுதாமல் விட்டதற்குக் காரணம் இருந்தது. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

தவராசா ஆலையடிவேம்புக்காரன். அக்கரைப்பற்றுப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் ஒரே மருந்துக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றோம். அவன் இருமல் மருந்தைக் கலக்குவான், நான் குளிசை எண்ணுவேன். இரண்டு பேருக்கும் வாயில் பாட்டுத்தான். நாங்கள் பாட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டே மருந்து கொடுத்ததில் நோயாளிகள் எங்களைத் திட்டாத நாள் கிடையாது.

எனக்கு எல்லாப் பாட்டும் பிடிக்கும். அவனுக்கு நாதஸ்வரம்தான் உயிர். ஊர் ஊராகக் கோயில் திருவிழாக்களுக்குப் போய், மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, தானே பதிந்துகொண்டு வருவான். அந்தப் பதிவுகளுக்கு இரண்டாவது பிரதி எங்கேயும் இல்லை. வெடிச் சத்தமும் மணியும் சனத்தின் இரைச்சலும் சேர்ந்து கேட்கும். நடுவில் தவராசா தன்னை மறந்து “ஆகா” என்பதும் கேட்கும்.

பிறகு எங்கள் ஊர்களும் அவர்கள் ஊர்களும் ஒன்றையொன்று பார்த்துப் பயப்படும் காலம் வந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். தவராசா மனைவி பிள்ளைகளோடு மட்டக்களப்புப் பக்கம் போக முடிவெடுத்தான். போகும் முதல் நாள் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றில் அந்தப் பதிவுகள் நிறைந்த இரண்டு தேயிலைப் பெட்டிகளை ஏற்றி என் வீட்டுக்கே கொண்டு வந்தான். அன்றைக்கு அந்தப் பாதையில் அவன் வந்ததே பெரிய துணிச்சல்.

“மச்சான், இத உன்னட்ட அமானிதமா வெச்சிட்டுப் போறன்” என்றான். “உங்கட சொல்லிலதான் சொல்றன். விளங்கிச்சா?”

விளங்கியது. அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது உரியவரிடம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் மறுமையில் கேள்வி இருக்கிறது. எங்களை எந்தச் சொல் கட்டும் என்று தவராசாவுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் சில வருசம் நான் அந்தப் பெட்டிகளைத் திறக்கவே இல்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சோறும் தின்றபின், ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். “இதென்ன, கலியாண வீடா?” என்று ஜெமீலா குசினியிலிருந்து சத்தம் போட்டாள். சத்தத்தைக் குறைத்துவிட்டுத் தொடர்ந்து கேட்டேன். அதற்குப் பிறகு என்னால் விட முடியவில்லை. என்னுடைய ஆயிரத்தில் எதுவும் அதற்கு ஈடாகவில்லை.

சண்டை ஓய்ந்து பேச்சுவார்த்தை நடந்த காலத்தில் தவராசா ஆலையடிவேம்புக்குத் திரும்பி வந்தான். வந்த கிழமையே என்னைப் பார்க்க வந்தான். பெட்டியைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. கேட்டால் என்னில் நம்பிக்கை இல்லாததுபோல ஆகும் என்று அவனுக்குக் கூச்சம். கேட்டால் கொடுக்கலாம் என்று நான் இருந்தேன். நேர்மையாகச் சொன்னால், கேட்காமலே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தில்

பிறகு கடல் வந்தது.

அந்தக் காலையைப் பற்றி இந்தத் தொடரில் முன்னரும் எழுதவில்லை, இப்போதும் எழுதப் போவதில்லை. ராத்தாவின் வீடு இருந்த இடத்தில் ஒரு கிணற்றுக் கட்டு மட்டும் மிஞ்சியது. ராத்தாவை மூன்றாம் நாள் எடுத்தோம்.

எங்கள் வீடு கடலிலிருந்து தள்ளி இருந்ததால் தண்ணீர் முழங்காலோடு நின்றுவிட்டது. அடித்தட்டுக் கெசட்டுகள் ஐம்பது போல நனைந்தன. தேயிலைப் பெட்டிகள் அப்போது மேல் தட்டில் இருந்தன. அவற்றில் ஒரு துளி படவில்லை. ஆனாலும் வீட்டில் தங்கப் பயம். வயல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மற்றவர்களோடு இருந்தோம், பெண்கள் ஒரு கட்டடத்திலும் ஆண்கள் ஒரு கட்டடத்திலும்.

இரண்டு கிழமைக்குப் பிறகு தவராசா வந்தான். பஸ் ஓடாத இடங்களில் நடந்து, தலையில் அரிசிச் சாக்கோடு வந்தான். ஒவ்வொரு வகுப்பறையாக ‘ஹனீபா எங்கே’ என்று கேட்டுக்கொண்டு வந்தவன், என்னைக் கண்டதும் சாக்கை அப்படியே போட்டுவிட்டுக் கட்டிப் பிடித்தான்.

“ராத்தா?” என்று கேட்டான். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவன் வகுப்பறை வாங்குப் பலகையில் உட்கார்ந்தான். ராத்தாவின் கையால் எத்தனையோ தரம் சாப்பிட்டவன் அவன்.

பிறகு மெதுவாகக் கேட்டான். “உன்ட பாட்டெல்லாம், மச்சான்?”

உன்ட பாட்டெல்லாம் என்றுதான் கேட்டான். தன்னுடைய பெட்டிகளைக் கேட்கவில்லை.

“எல்லாம் கடல் கொண்டு போயிட்டு” என்றேன். “உன்ட ரெண்டு பெட்டியும்.”

ஏன் சொன்னேன் என்று இருபது வருசமாக யோசித்திருக்கிறேன். திட்டம் போட்டுச் சொன்னதில்லை. ராத்தாவைப் புதைத்த கை இன்னும் வலித்துக்கொண்டிருந்தது. எனக்கென்று ஏதாவது ஒன்று மிஞ்ச வேண்டும் என்ற வெறி இருந்திருக்கலாம். இரண்டு வருசமாக என்னை நெருக்கிக்கொண்டிருந்த விசயத்துக்குக் கடல் ஒரு பதிலைக் கொண்டுவந்து வைத்தது, நான் எடுத்துக்கொண்டேன் என்பதும் உண்மை. அந்த நாட்களில் கடல் கொண்டு போயிற்று என்றால் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள்.

“போனாப் போகட்டும். நீ இருக்காய்தானே” என்றான் தவராசா. போகும்போது தன் சட்டைப்பையில் இருந்த சீப்பைக்கூட எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

முப்பத்தாறு

அதோடு முடிந்திருந்தால்கூட எப்படியாவது சமாளித்திருப்பேன். ஐந்தாறு மாதம் கழித்து அவன் மறுபடியும் வந்தான், கையில் ஒரு துணிப்பையோடு. உள்ளே முப்பத்தாறு கெசட்.

“உனக்கெண்டு பதிஞ்சன்” என்றான். “பழையபடி சேர்க்க வேணும்தானே. இத வெச்சுத் தொடங்கு.”

அவனுடைய வீட்டில் அப்போது கூரையே ஒழுங்காக இல்லை. யாரோ உறவுக்காரனின் இரட்டைக் கெசட் செட்டில் ஒவ்வொன்றாகப் போட்டு, முடியும் வரைக்கும் பக்கத்தில் இருந்து பதிந்திருக்கிறான். எனக்குப் பிடித்த பாட்டுகள் எல்லாம் அவனுக்கு நினைவிருந்தன. நான் அந்தப் பையை வாங்கிக்கொண்டேன். அவன் நின்ற இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில், பூட்டிய கதவுக்குப் பின்னால், அவனுடைய இரண்டு பெட்டிகளும் இருந்தன.

அன்றிலிருந்து தவராசாவை வீட்டுக்குள் கூப்பிடுவதை நிறுத்தினேன். வந்தால் வாசலில் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்து அனுப்புவேன். அவன் அதைக் கண்டும் காணாததுபோல இருந்தான். வருவது குறைந்தது. பெருநாளைக்கு ஒரு தரம், தீபாவளிக்கு ஒரு கோல் என்று ஆனது. வெள்ளிக்கிழமைகளில் நான் காதில் வயரை மாட்டிக்கொண்டு அவனுடைய நாதஸ்வரத்தைக் கேட்டேன். அந்த “ஆகா” வரும் இடத்தில் மட்டும் நாடாவை ஓட்டிவிடுவேன்.

ஜெமீலா பெட்டிகளைக் கண்டுபிடித்த அன்று பின்னேரம், பின் வளவில் பூஞ்சணம் பிடித்தவற்றைத் தேங்காய் மட்டையோடு போட்டு எரித்தேன். கரும்புகை எழும்பி நாலு வீட்டுக்குப் போனது. நடுவில் எழுந்து போய் அந்தத் துணிப்பையை எடுத்து வந்தேன். மற்ற எல்லாவற்றையும் ஒரு பக்கம், மறுபக்கம், யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தவன், அந்த முப்பத்தாறையும் மட்டும் பாராமல் கொட்டினேன். ஒன்றுகூடக் கெட்டுப் போயிருக்கவில்லை. என்னால் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, அவ்வளவுதான். வெட்கத்தை எரித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன்போல.

ஆலையடிவேம்பு

“அமானிதத்த வெச்சிக்கிட்டுப் புள்ளக்கிக் கலியாணம் செய்யப்படாது” என்று ஜெமீலா உறுதியாகச் சொல்லிவிட்டாள். “சுணங்கினதுக்கு அண்ணன்ட்ட மாப்புக் கேளுங்க. அவர் ஒண்டும் நெனைக்க மாட்டார்.” தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டால் போதும் என்று அவள் நினைத்தாள். பொய்யைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

ஓட்டோவின் பின்சீட்டில் ஒரு பெட்டி, காலடியில் ஒரு பெட்டி. மடியில் தவராசாவுக்கென்று தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவள் செய்து தந்த வட்டிலப்பம். சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் பின்னால் போயின. வயல்கள் அறுத்து முடிந்து வெறுமையாகக் கிடந்தன. திரும்பிப் போய்விடலாமா என்று நாலு தரம் நினைத்தேன்.

தவராசா வாசலில் சைக்கிள் ரியூப்பைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். மெலிந்துபோயிருந்தான். ஓட்டோவிலிருந்து பெட்டியை இறக்கியதும் எழுந்து வந்தான். அதன் பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்றால் அவனே எழுதிய எழுத்துகள் இருந்தன. ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு அவற்றைத் தடவினான்.

“எங்க மச்சான் எடுத்த?” என்றான். “ஆரும் கண்டெடுத்து வெச்சிருந்தாங்களா? இஞ்ச வாருமப்பா, கெதியா வாரும்! கடல் கொண்டுபோன பெட்டி வந்திருக்கு!”

மனைவி மங்கை கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். அவன் சிறுபிள்ளைபோலச் சிரித்துக்கொண்டு நின்றான். ஓம், ஒருவன் கண்டெடுத்து வைத்திருந்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எல்லோருக்கும் சந்தோசம். அந்த வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

“கடல் எடுக்கல்ல தவம்” என்றேன். “என்ட வீட்டுலதான் இருந்திச்சு. நான் பொய் சொன்னன்.”

அவனுக்கு உடனே விளங்கவில்லை. “எப்ப?” என்றான்.

“பள்ளிக்கூடத்துல. நீ அரிசி கொண்டு வந்த நேரம்.”

மங்கை வட்டிலப்பத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தவராசா பெட்டியின் மேலிருந்த கையை எடுத்தான்.

“அண்டைக்கு வீட்ட வந்து அழுதன் மச்சான்” என்றான். “இந்தப் பெட்டிக்கில்ல. ராத்தாவும் இல்லாம, பாட்டும் இல்லாம நீ என்னண்டு இருக்கப் போறாய் எண்டு.”

“மாப்புக் கேட்டுத்தான் வந்த” என்றேன்.

அவன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. “நான் ஒரு பை நிறையக் கெசட் தந்தன். அத எனக்குத் திருப்பித் தா” என்றான்.

“தவம்...”

“அதில பன்னிரண்டு உங்கட கீதம்டா. எனக்கு அது எங்க கிடக்கிற? அக்கரைப்பற்றில வீடு வீடாப் போய்க் கேட்டு வாங்கிப் பதிஞ்சன். சில வீட்ட உள்ளுக்க எடுக்கவும் இல்ல. அது எல்லாத்தையும் கடல்ல குடுத்தவனுக்கெண்டு பதிஞ்சது. உனக்குப் பதிஞ்சதில்ல. தா.”

பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று சொல்லலாம். உப்புக் காற்றில் எல்லாம் போய்விட்டது என்று சொல்லலாம். அதுவும் நம்பக்கூடிய பொய்தான்.

“எரிச்சிட்டன்” என்றேன்.

“எப்ப?”

“போன கிழமை.”

ரியூப் தண்ணீரில் கிடந்து குமிழி விட்டுக்கொண்டிருந்தது. தவராசா ஒரு பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். நான் மறுபக்கத்தைப் பிடிக்கப் போனேன்.

“விடு” என்றான். தனியாகவே இழுத்து இழுத்து இரண்டையும் உள்ளே கொண்டு போனான். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

“மன்னிப்பு எண்டு வாயால சொல்லிரலாம். அது பொய்யாப் போயிரும்” என்றான். “மனசில வந்தாச் சொல்றன் மச்சான். இப்ப போயிட்டு வா.”

பந்தலில்

வீட்டுக்கு வந்ததும் ஜெமீலா, “மாப்புத் தந்தாரா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். ஏன் என்றாள். அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“ராத்தாவக் கொண்டுபோன கடல்ல போயா அந்தப் பொய்யப் போட்டீங்க” என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

பாட்டுகள் ஒரு தட்டுக்குள் வந்துவிட்டன. நூற்றிருபது எண்ணி வைத்தேன். இன்றுவரை அதில் ஒன்றைக்கூடப் போட்டுக் கேட்கவில்லை.

கலியாணத்துக்குத் தவராசாவுக்கு அழைப்பு அனுப்பினேன். வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான், மங்கையோடு வந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, றிஸ்னாவுக்கு ஒரு பொதி கொண்டு வந்திருந்தான். அவளுடைய தலையில் கை வைத்து வாழ்த்தினான். ஜெமீலாவோடு நன்றாகக் கதைத்தான். முன்பெல்லாம் எங்கள் வீட்டுக் கலியாணங்களில் என்னோடு ஒரே சஹனில், ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து கை போட்டுச் சாப்பிட்டவன், அன்றைக்கு மேசைப் பக்கம் போய்த் தனிப் பீங்கானில் சாப்பிட்டான்.

புறப்படும்போது நான் கூடவே நடந்து வாசல் படலை வரைக்கும் போனேன். மங்கை முன்னால் போய்விட்டார். பந்தலின் இரைச்சல் பின்னால் குறைந்தது. நாங்கள் இரண்டு பேர்தான். இப்போது சொல்வான் என்று நினைத்தேன்.

அவன் நின்று என் கையைப் பிடித்தான்.

“சாப்பாடு நல்லா இருந்திச்சு” என்றான். “நீங்க போங்க ஹனீபா. போய் வந்த ஆக்களக் கவனியுங்க.”

நாற்பது வருசப் பழக்கத்தில் தவராசா என்னை ‘நீங்க’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை.